சபையின் குரல் சபைக்கே

1816 மார்ச் 22ஆம் திகதி கொழும்பில் வந்திறங்கிய அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்தில் கட்டிய பள்ளிக்கூடங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். அவர்கள் புறப்பட்டு வந்த நியூ இங்கிலாந்து அந்நாளில் எப்படிப் பாடியது என்று கேட்டதில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கீபோர்ட்டின் சத்தத்துக்குள் சபையின் குரல் அமுங்கிப்போகும் இக்காலத்தில் அதைக் கேட்கவேண்டியிருக்கிறது.

அங்கே தாவீதின் சங்கீதங்களை, ஐசக் வாட்ஸ் 1719இல் வெளியிட்ட செய்யுள் வடிவில் பாடினார்கள். பெரும்பாலும் வாத்தியம் இல்லை; நான்கு வகைக் குரல்களே முதன்மை. 1770இல் தன் மெட்டுகளை நூலாக்கிய பொஸ்டன்காரர் வில்லியம் பில்லிங்ஸ் தோல் பதனிடும் தொழிலாளி. இசை பயிலாதவரும் மெட்டைத் தாமே வாசிக்கட்டும் என்று, 1801 அளவில் வெளிவந்த ‘ஈஸி இன்ஸ்ட்ரக்டர்’ என்ற நூல் சுரங்களுக்கு உருவம் கொடுத்தது: ஃபாவுக்கு முக்கோணம், சோலுக்கு வட்டம், லாவுக்குச் சதுரம், மீக்குச் சாய்சதுரம். முதலில் சுரத்தைப் பாடுவார்கள், பிறகு சாகித்தியம். நம் ஊரில் கீதம் பயின்ற பிள்ளைக்கும் இது பழகிய முறைதான்.

ஐரோப்பிய இலக்கணத்துக்கு ஒவ்வாதவை என்று பொஸ்டன் வித்துவான்கள் பின்னர் இந்த மெட்டுகளை ஒதுக்கினார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்கள் அவற்றைக் காப்பாற்றின. ஜோர்ஜியாவில் 1844இல் தொகுக்கப்பட்ட ‘சேக்ரட் ஹார்ப்’ நூலைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்புறமும் முகம் பார்த்து அமர்ந்து, இன்றும் பாடுகிறார்கள். அங்கே பாடத்தான் வருகிறார்கள். பார்வையாளருக்கென்று மேடை இல்லை.

நம் வழி வேறு. யாழ்ப்பாண மிசனிலிருந்து 1834இல் கிளைத்த மதுரை மிசனின் எட்வர்ட் வெப், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களை 1853இல் கீர்த்தனைத் தொகுப்பாக அச்சேற்றினார். தமிழ் இராகத்தில் துதித்தது சரியான தெரிவு. ஆனால் நம் கீர்த்தனைப் புத்தகங்களில் பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும் இருக்கும், சுரம் இருக்காது. மெட்டு பெரியவர்களின் தொண்டையில்தான் இருந்தது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் அவர்களில் பலர் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டார்கள். மிஞ்சிய இடத்தைக் கீபோர்ட்டின் ஆயத்தத் தாளம் நிரப்புகிறது.

சபைகளிடம் இரண்டு கேட்கிறோம். மாதத்தில் ஓர் ஆராதனையையாவது வாத்தியமும் ஒலிவாங்கியும் இல்லாமல் நடத்துங்கள். முதியவர்கள் பாடும் மெட்டுகளை ஒலிப்பதிவு செய்து சுரப்படுத்துங்கள். சுரப்படுத்தி அனுப்புங்கள், இந்த இதழில் இடம் தருகிறோம்.