கம்பெனி வேலையும் மேலாளர் கடமையும்

பட்டம் பெற்று வெளிவரும் இளைஞனைக் கணியூர்க் கடைவீதியில் கண்டால் பெரியவர்கள் கேட்கும் முதற்கேள்வி, "எந்தக் கம்பெனி கண்ணு?" என்பதுதான். 'கார்ப்பரேட்' என்னும் சொல் நாளிதழ்களில் புகுவதற்கு நெடுங்காலம் முன்பே, திருப்பூர் வட்டாரத்தில் 'கம்பெனி' வீட்டுச் சொல்லாகிவிட்டது. தகரக் கொட்டகையின் கீழ் நான்கு தையல் எந்திரங்களை ஓட்டுவதும் கம்பெனி. ஆயிரம் பேர் பணிபுரிந்து அயல்நாடுகளுக்கு ஆடை அனுப்புவதும் கம்பெனி. 1925ஆம் ஆண்டளவில் குலாம் காதர் தொடங்கிய பின்னலாடைச் சாலையே இத்தொழிலின் முதல் வித்து என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அமராவதிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளைவித்த நம் ஊர்களின் பிள்ளைகள், உடுமலை வழியே அத்தொழிலை நாடிப் போவது இன்று இயல்பாகிவிட்டது.

நல்ல வேலை எது என்று கேட்டால், சம்பளம், சேமநிதி, குளிர்சாதன அறை, அழைத்துச் செல்ல வண்டி என்று அடுக்குவோம். இவை வேண்டாதவை அல்ல. ஆயினும் ஒரு வேலையின் தன்மையை அறிய நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு: உனக்கு மேலிருப்பவரிடம் 'இது இயலாது' என்று சொல்லிவிட்டு, மறுநாளும் அதே நாற்காலியில் அச்சமின்றி உட்கார முடியுமா?

இக்கேள்வி நம் மாணவர்களுக்குப் பெரிதும் பொருந்தும். ஏனெனில் பட்டதாரி போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் நடுப்படி. மெர்ச்சண்டைசர், மனிதவளப் பிரிவு அலுவலர், லைன் சூப்பர்வைசர் என்று பெயர்கள் பல. ஐரோப்பாவிலிருக்கும் கொள்முதலாளர் மாதிரியை இருமுறை மாற்றுகிறார். ஆனால் கப்பல் ஏற்றும் நாளை மாற்றுவதில்லை. சாயப்பட்டறையிலிருந்து துணி நான்கு நாள் தாமதமாக வருகிறது. அந்த நான்கு நாளை யாரிடமிருந்து எடுப்பது? உரிமையாளர் மேலாளரைக் கடிகிறார், மேலாளர் சூப்பர்வைசரைக் கடிகிறார், சூப்பர்வைசர் ஓவர்லாக் எந்திரத்தின் முன் குனிந்திருக்கும் பெண்ணைக் கடிகிறார். அவளுக்குக் கடிந்துகொள்ள எவருமில்லை. ஒரு ஷிப்டு ஒன்றரை ஷிப்டாகிறது. சில இரவுகளில் இரண்டாகவும் ஆகிறது. மேலிருந்து விழும் சினத்தைத் தன்னளவில் தாங்கி, கீழே கணக்காக மட்டும் இறக்குபவரே நல்ல மேலாளர் என்பது நம் கருத்து. வாங்கியதை வட்டியோடு கீழே தருபவர் வெறும் குழாய்.

"நானும் கைமடியாக இருந்து வந்தவன்தான், என் தொழிலாளர் என் குடும்பம்" என்று பெருமிதத்தோடு கூறும் உரிமையாளர்கள் இவ்வட்டாரத்தில் உண்டு. அவர்கள் கூறுவது பொய்யன்று. உழைப்பாளிகளாயிருந்த வேளாண்குடியினர் முதலாளிகளாக உயர்ந்த இவ்வரலாற்றை ஷரத் சாரி என்னும் ஆய்வாளர் 2004இல் வெளியான தம் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆனால் அதே திருப்பூரில்தான் 1984இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். எதிரே நின்ற முதலாளிகளுள் பலர் ஒருகாலத்தில் எந்திரம் ஓட்டியவர்கள். அதன்பின் தொழில் சிறு சிறு கூடங்களாகப் பிரிந்து 'ஜாப் வொர்க்' பெருகியது. பட்ட பாடு ஒருவருக்கு நினைவிருக்கலாம். அந்நினைவு மட்டுமே பிறர் பாட்டைக் குறைத்துவிடாது. குடும்பம் என்னும் சொல்லுக்கும் ஓர் ஆபத்து உண்டு. குடும்பத்தில் கணக்குக் கேட்பது மரியாதைக்குறைவாகக் கருதப்படும் அல்லவா?

திருக்குர்ஆனின் 28ஆம் அத்தியாயத்தில் மூஸா நபி (அலை) அவர்கள் மத்யனுக்குச் சென்ற வரலாறு வருகிறது. தண்ணீர்த் துறையில் ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்கு அவர்கள் நீர் புகட்டுகிறார்கள். அப்பெண்களுள் ஒருத்தி தன் தந்தையிடம், இவரையே பணிக்கு அமர்த்துங்கள் என்கிறாள். வலிமை, நம்பகம் என்னும் இரு தகுதிகளையும் காட்டுகிறாள். இந்த வாசகத்தை நேர்முகத் தேர்வுக்குச் செல்வோருக்குப் பலரும் எடுத்துச் சொல்வர். அடுத்த வாசகத்தையோ அவ்வளவாக எவரும் எடுத்துச் சொல்வதில்லை. அதில் பேசுபவர் வேலை தருகிற பெரியவர். தம் மகளை மணமுடித்துத் தரும் உடன்பாட்டில் எட்டாண்டு ஊழியம் என்று கெடுவை முன்கூட்டியே வரையறுக்கிறார்; பத்தாக நிறைவு செய்வது உழைப்பவரின் விருப்பம் என்று விட்டுவிடுகிறார்; சிரமத்திற்குள்ளாக்கத் தமக்கு எண்ணமில்லை என்றும் உறுதி கூறுகிறார். வேலை, கெடு, கூடுதல் உழைப்பு எவர் விருப்பம் என்னும் மூன்றும் தொடங்குமுன்பே தெளிவாகிவிட்டன. வியர்வை உலருமுன் கூலி தரப்பட வேண்டும் என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

இதன் அருகே நம் காலத்துச் 'சுமங்கலித் திட்ட'த்தை வைத்துப் பார்ப்போம். மேற்குத் தமிழ்நாட்டு நூற்பாலைகள் பலவற்றில் இளம்பெண்கள் மூன்றாண்டு விடுதியில் தங்கி உழைத்தனர். முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என மொத்தத் தொகை திருமணச் செலவுக்குக் கிடைக்கும் என்பது வாக்குறுதி. நோயாலோ மனச்சோர்வாலோ இடையில் வெளியேறியவர்கள் பலர் அத்தொகையை இழந்தனர் என்பதை 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை உலகுக்குக் காட்டியது. மத்யனில் மணமகன் உழைத்தார். இங்கே மணமகள் தன் வரதட்சணைக்குத் தானே உழைத்தாள். அங்கே கெடுவை நீட்டும் உரிமை உழைப்பவரிடம் இருந்தது. இங்கே உழைத்து முடித்த நாளின் கூலியும் ஆலையின் கையில் இருந்தது. மங்கலப் பெயர் சூட்டியதால் மட்டும் ஒரு வேலை நல்ல வேலையாகிவிடாது.

2021 ஜனவரியில் திண்டுக்கல் வட்டாரத்தில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் பணிபுரிந்த இளம்பெண் கொலையுண்டாள். குற்றம் சாட்டப்பட்டவர் அவளுடைய மேற்பார்வையாளர். அவள் தொல்லைக்கு உள்ளாகி வந்ததைக் குடும்பத்தாரும் உடன் பணிபுரிந்தோரும் பின்னர் எடுத்துரைத்தனர். பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடந்தோறும் புகார்க் குழு வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருந்தும், சொல்ல வேண்டியது உரிய செவியை எட்டவில்லை. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் நிறுவனம், எச் அண்ட் எம் நிறுவனம், பெண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கம் ஆகியவற்றிடையே 'திண்டுக்கல் உடன்படிக்கை' கையெழுத்தாயிற்று. தொழிலாளருள்ளேயே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள் கூடத்தில் இருப்பர். குறை சொன்னவர் பழிவாங்கப்படலாகாது. உடன்பாட்டை மீறினால் வணிகத்திலேயே விளைவு உண்டு. அரிய தத்துவம் எதுவும் இதில் இல்லை. கெட்ட செய்தி மேலே ஏறுவதற்கு ஒரு படிக்கட்டுக் கட்டினார்கள், அவ்வளவே. அதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது என்பதுதான் வெட்கத்துக்குரியது.

கணினிமுன் அமர்ந்து செய்யும் வேலைக்கு இக்கவலை இல்லை என்று எண்ணிவிட வேண்டா. 2024இல் புனேயில் பன்னாட்டுக் கணக்காய்வு நிறுவனமொன்றில் சேர்ந்து சில மாதங்களே ஆன 26 வயதுப் பெண் இறந்தபின், பணிச்சுமையைக் குறித்து அவளுடைய தாய் எழுதிய கடிதம் நாடெங்கும் படிக்கப்பட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே வாரத்துக்கு 90 மணிநேர உழைப்பை விரும்பிப் பேசிய பெருநிறுவனத் தலைவரையும் கண்டோம். தையற்கூடத்தின் ஒன்றரை ஷிப்டு, கோட்டு அணிந்துகொண்டு அலுவலகத்துக்கும் வந்துவிட்டது.

மாணவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மனிதவளப் பிரிவில் அமர்ந்த சில நாட்களிலேயே இரண்டு வருகைப் பதிவேடுகள் உங்கள் மேசைக்கு வரக்கூடும்: ஒன்று தணிக்கைக்கு வருவோர் பார்க்க, மற்றொன்று உண்மை. மிகைநேரத்திற்கு இரட்டை ஊதியம் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டமும் அதை மாற்றவில்லை. எந்தப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்து என்பதை வேலையில் சேருமுன்பே வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். மாதக்கடைசியில், தவணைக் கடன் கண்முன் நிற்க, முடிவு செய்வது கடினம்.

தமிழ்த்துறைக்கும் இதில் பங்குண்டு. இப்புதிய சட்டம் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளில் படிக்காமலே கையெழுத்திடும் வழக்கம் இவ்வட்டாரத்தில் இருக்கிறது. வேலை நேரம், கூலி, மிகைநேரம், விடுப்பு, புகார் சொல்ல வேண்டியவரின் பெயர் ஆகியவற்றை எட்டாம் வகுப்பு படித்தவரும் ஐயமறப் புரிந்துகொள்ளும் தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதித் தருவதை, வரும் ஆண்டில் நம் இலக்கிய மன்றம் ஒரு பணியாக ஏற்கலாம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்திருப்போர்க்காக அதனை இந்தியிலும் ஒடியாவிலும் பெயர்த்துத் தர ஆள் தேட வேண்டும்.