சாய்தளம் இல்லாத மைதானங்கள்

சீனாவின் ஹாங்சௌ நகரில் 2023 அக்டோபர் 22 முதல் 28 வரை நடைபெற்ற நான்காவது ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியில் இந்தியா 29 தங்கம், 31 வெள்ளி, 51 வெண்கலம் என 111 பதக்கங்களை வென்று ஐந்தாமிடம் பெற்றது. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு அதே நகரில் முடிவடைந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா வென்றவை 107 பதக்கங்கள். பதக்க எண்ணிக்கையில் மாற்றுத் திறனாளி வீரர்கள் ஏனைய வீரர்களை விஞ்சிய அந்தச் சாதனையை நாடே கொண்டாடியது. கொண்டாட்டம் நியாயமானதே. ஆனால், அந்த வெற்றியில் அரசுக்கும் சமுதாயத்துக்கும் உள்ள பங்கு எவ்வளவு என்கிற கேள்வியையும் எழுப்பாமல் இருக்க முடியாது.

ஆசிய, பசிபிக் நாடுகளின் மாற்றுத் திறனாளிகளுக்கான விளையாட்டுப் போட்டி 1975-ல் ஜப்பானின் ஒய்டா நகரில் 'ஃபெஸ்பிக்' என்கிற பெயரில் தொடங்கியது. 2006-ல் கோலாலம்பூரில் நடந்த போட்டியுடன் அது நிறைவு பெற, 2010-ல் குவாங்சௌவில் ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியாக மறுபிறவி எடுத்தது. அங்கு இந்தியாவுக்குக் கிடைத்தவை வெறும் 14 பதக்கங்கள். அதுவே 2014-ல் இஞ்சியோனில் 33 ஆகவும், 2018-ல் ஜகார்த்தாவில் 72 ஆகவும் உயர்ந்து, ஹாங்சௌவில் நூறைக் கடந்தது.

இந்த வளர்ச்சி எளிதில் வந்ததல்ல. 1965 போரில் குண்டுக் காயம்பட்ட ராணுவ வீரர் முரளிகாந்த் பெட்கர், 1972-ல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் இந்தியாவின் முதல் தங்கத்தை வென்றார். அவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது 2018-ல், அதாவது 46 ஆண்டுகளுக்குப் பிறகு! 2015-ல் காஜியாபாதில் நடந்த தேசியப் போட்டியில் வீரர்களுக்கு அடிப்படை வசதிகள்கூட இல்லை எனப் புகார் எழுந்ததும், அதே ஆண்டு இந்திய பாராலிம்பிக் குழுவை சர்வதேச பாராலிம்பிக் குழு இடைநீக்கம் செய்ததும் பழைய கதைகள் என்று ஒதுக்கிவிடக்கூடியவை அல்ல.

நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஒலிம்பிக் பதக்க இலக்குத் திட்டத்தில் பாரா வீரர்களும் சேர்க்கப்பட்டு, அவர்களது பயிற்சிக்கு அரசு உதவுகிறது. 2023 டிசம்பரில் முதலாவது கேலோ இந்தியா பாரா விளையாட்டுப் போட்டி தில்லியில் நடத்தப்பட்டது. 2016 வரை பாராலிம்பிக்கில் மொத்தம் 12 பதக்கங்களே பெற்றிருந்த இந்தியா, டோக்கியோவில் 19, பாரிஸில் 29 பதக்கங்களைக் குவித்தது. 2025-ல் தில்லியிலேயே நடந்த உலக பாரா தடகளப் போட்டியில் 22 பதக்கங்கள் கிடைத்தன.

ஆனால், இந்த உதவிகள் எல்லாம் யாரைச் சென்றடைகின்றன? ஏற்கெனவே திறமையை நிரூபித்தவர்களைத்தான். கைகள் இல்லாமல் பிறந்து, காலால் வில்லைப் பிடித்து அம்பெய்து ஹாங்சௌவில் இரண்டு தங்கம் வென்ற ஷீதல் தேவி, ஜம்மு-காஷ்மீரின் கிஷ்த்வார் மலைப்பகுதியைச் சேர்ந்தவர். ராணுவத்தினரின் கண்ணில் பட்டிராவிட்டால் அவர் கட்ராவில் உள்ள பயிற்சி மையத்தை எட்டியிருப்பாரா? ஐந்து வயதில் பேருந்து ஏறியதால் கால் சிதைந்த சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவை அவரது பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஊக்குவித்திராவிட்டால், ரியோவில் தங்கம் கிடைத்திருக்குமா? யாரோ ஒருவரின் நல்ல மனத்தை நம்பித்தான் ஒரு நாட்டின் விளையாட்டுத் திறன் வெளிப்பட வேண்டும் என்றால், கண்டறியப்படாமலே போனவர்கள் எத்தனை பேரோ!

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத் திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் கிராமங்களில் வாழ்பவர்கள். பள்ளியில் விளையாட்டு வகுப்பு வந்தால் மரத்தடியில் உட்காரவைக்கப்படும் குழந்தைக்கு, தில்லியில் நடக்கும் தேசியப் போட்டியால் என்ன பயன்?

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத் திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ன் 30-வது பிரிவு, விளையாட்டில் அவர்களது பங்கேற்பை உறுதி செய்வதும், மைதானங்களை அதற்கேற்ப மாற்றியமைப்பதும், நிதி ஒதுக்குவதும் அரசின் கடமை என்கிறது. பொதுக் கட்டடங்கள் அனைத்தையும் ஐந்து ஆண்டுகளுக்குள் அவர்கள் பயன்படுத்தத் தக்கதாக மாற்ற வேண்டும் என்கிறது 45-வது பிரிவு. விதிகள் வெளியானது 2017 ஜூனில். கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. அணுகல் வசதிக்கான நெறிமுறைகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பதை ஏற்க முடியாது என்று கூறி, கட்டாய விதிகளை மூன்று மாதங்களில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உச்சநீதிமன்றம் 2024 நவம்பரில் உத்தரவிட வேண்டி வந்தது. சட்டம் இயற்றிய அரசுக்கே அதை நினைவூட்ட நீதிமன்றம் தேவைப்பட்டது வேதனைக்குரியது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. மாவட்ட விளையாட்டரங்குகளில் சாய்தளமும், சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறையும் அமைப்பதற்குப் பெரும் நிதி தேவையில்லை. உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியில் மாற்றுத் திறனாளிகளுக்கான விளையாட்டைக் கட்டாயப் பாடமாக்கலாம். குறைபாட்டின் தன்மைக்கேற்ப வீரர்களைப் பிரிவுகளாக வகைப்படுத்துவதே பாரா விளையாட்டின் அடித்தளம். அதற்கான வல்லுநர்களை மாநிலந்தோறும் உருவாக்கினால், சர்வதேசப் போட்டிக்குச் சென்ற பிறகு பிரிவு மாற்றப்பட்டு வீரர்கள் ஏமாற்றமடைவதைக் குறைக்கலாம். விளையாட்டு மாநிலப் பட்டியலில் இருப்பதால், இதில் மாநில அரசுகளின் பொறுப்பு மத்திய அரசின் பொறுப்பைவிடச் சற்றும் குறைந்ததல்ல.

ஹாங்சௌவில் சீனா வென்றவை 521 பதக்கங்கள். மக்கள்தொகையில் இந்தியாவைவிடப் பன்மடங்கு சிறிய ஈரான் 44 தங்கத்துடன் இரண்டாமிடம் பெற்றது. இந்தியா எட்ட வேண்டிய உயரம் இன்னும் இருக்கிறது. ஆனால், அடுத்த போட்டியில் பதக்கம் எத்தனை என்பதைக் காட்டிலும் முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. வெற்றி பெற்றுத் திரும்பும் வீரரை விமான நிலையத்தில் மாலையுடன் வரவேற்கிறோம். அவர் தமது ஊரின் விளையாட்டரங்குக்குள் பிறர் தூக்கிச் செல்லாமல் நுழைய முடிகிறதா? அந்தக் கேள்விக்கு 'முடியும்' என்று பதில் சொல்லக்கூடிய மாவட்டங்கள் எத்தனை என்பதுதான் அந்தக் கணக்கு.