கணக்கு நம் கையில் இருக்கட்டும்



தோட்டங்களிலிருந்து வரும் கடிதங்களில் கடன் பற்றிய கடிதங்கள் கூடிக்கொண்டே போகின்றன. நகை அடகில், கடையில் பற்று, கிழமைக்கு ஒரு குழுக்கடன் தவணை, அதைக் கட்ட இன்னொரு கடன். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டு முடிக்கிறார்கள். அந்தச் சகோதரிகளுக்காகவே இந்த மாதப் பக்கம்.

நம் மூதாதையர் கடனோடுதான் இலங்கையின் இந்த மலை ஏறினார்கள். ஊரில் ஆள் திரட்டிய கங்காணி கொடுத்த முற்பணமும் வழிச்செலவும் அவர்கள் பேரில் பற்றாக விழுந்தன. வேறு தோட்டத்துக்குப் போக ‘துண்டு’ வேண்டும். இவ்வளவு கடனைத் தீர்த்தால் ஆளை விடுகிறேன் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டும், கடனோ தொழிலாளியின் தலையிலேயே தொடரும். 1921இல்தான் சட்டம் அந்த முறையை ஒழித்தது. அதுவரை கணக்கு எழுதியவர் கங்காணி. தான் எவ்வளவு கடன் என்று தொழிலாளிக்கே தெரியாது.

இன்றும் பல வீடுகளில் அதே நிலைதான். 50,000 ரூபாய்க் கடன், 24 வீத வட்டி, ஒரு வருடத்தில் கட்ட வேண்டும் என்கிறார்கள். முழுத் தொகைக்கும் வருடம் முழுக்க வட்டி போட்டால் மாதத் தவணை 5,167 ரூபாய் வரும். ஆனால் மாதாமாதம் முதல் குறைந்துகொண்டே போகிறதே! அதைக் கணக்கில் எடுத்தால் உண்மையான வட்டி 40 வீதத்தைத் தாண்டிவிடும். கையெழுத்துப் போடுமுன் இதை யாராவது நமக்குச் சொன்னார்களா?

வங்குரோத்தானவர்களுக்கென்று 1853இலேயே இங்கே ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. ஆனால் லயத்துக் குடும்பங்கள் அதற்காக நீதிமன்றப் படி ஏறுவதில்லை. அதனால் நம் மீட்சி ஒரு கொப்பியில் தொடங்க வேண்டும். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி என்று கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதுங்கள். கணக்குப் போட பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். எல்லாத் தவணைக்கும் குறைந்தபட்சம் கட்டிக்கொண்டு, மிஞ்சுகிற காசை வட்டி கூடிய கடனுக்குக் கொடுங்கள். பழைய கடனை அடைக்க அதைவிட வட்டி கூடிய புதுக் கடன் வாங்காதீர்கள்.

கட்ட முடியாவிட்டால் ஒளிந்துகொள்ளாமல் போய்ப் பேசுங்கள். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இந்த நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. பிறகு கடன் கொடுத்தவர்களோடு உட்கார்ந்து பேசித் தவணையை நீட்டிக்கொண்டது. 2024 டிசெம்பரில் பழைய சர்வதேச முறிகளில் பெரும்பகுதியைப் புதிய முறிகளாக மாற்றிக்கொண்டது. நாடு கேட்ட அவகாசத்தை ஒரு குடும்பமும் கேட்கலாம். பேசி ஒத்துக்கொண்டதை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

சம்பளச் சிட்டையையும் வாசியுங்கள். நாள் சம்பளம் 1,350 ரூபாய் என்றால், உங்கள் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமுமாக வேலை செய்த ஒவ்வொரு நாளுக்கும் 270 ரூபாய் ஊழியர் சேமலாப நிதிக்குப் போக வேண்டும். அது போய்ச் சேர்கிறதா என்று தொழில் திணைக்களத்தில் கேட்டுப் பாருங்கள். முதுமைக்கு உங்களிடம் உள்ள பெரிய சேமிப்பு அதுதான். கடன் முடிந்த மாதம், அதே தவணைக் காசை உங்கள் பேரில் உள்ள வங்கிக் கணக்கில் போடத் தொடங்குங்கள். கட்டிப் பழகிய கை அதை விடாது.

சிக்கனம் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. 2021இல் 1,000 ரூபாயான நாள் சம்பளம் 2024இல்தான் 1,350 ஆனது. அதற்கிடையில் அரிசியும் மாவும் எங்கேயோ போய்விட்டன. காணி உறுதி இல்லாதவருக்கு வங்கிக் கதவு இலேசில் திறப்பதில்லை, அதனால்தான் கிழமைக் கடன் வாசலுக்கு வருகிறது. சம்பளத்துக்கும் காணிக்குமான போராட்டம் தொடரத்தான் வேண்டும். கணக்குத் தெரிந்த தொழிலாளி அந்தப் பேச்சு மேசையிலும் ஏமாறமாட்டார்.

கடனிலிருந்து மீண்டவர்கள், எப்படி மீண்டீர்கள் என்று எழுதுங்கள். மீளப் போராடுகிறவர்கள், எங்கே சிக்கியிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். பெயர் இல்லாமலே வெளியிடுகிறோம். ஒருவர் கண்ட வழி பக்கத்து லயத்துக்கும் உதவட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்