கலர் பார்த்துக் கடன் கேக்கறவங்களுக்கு

இது கொஞ்சம் சூடான பதிவு. பிபி இருக்கறவங்க ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் படிங்க :-)

கும்பகோணத்துல பி.காம் முடிச்சு, பேங்க் வேலையில ஊர் ஊரா சுத்திட்டு, இப்ப பெங்களூரு காக்ஸ் டவுன்ல குடித்தனம். இங்க மார்க்கெட்ல தமிழ்லயே பேரம் பேசலாம்னு ஒரு சந்தோஷம். அந்த மார்க்கெட்லதான் போன மாசம் எனக்கு மானம் போச்சு.

காய்கறிக் கடை வெச்சிருக்கற அம்மா ஒருத்தங்க. எங்க கிளையில சின்னதா ஒரு கடன். என்னைப் பார்த்ததும், "ஏன் சார், தவணை பன்னெண்டு நாள் தள்ளிப் போனதுக்கு வாராக்கடன்னு போன் பண்ணுவீங்களா? என் மருமக முன்னாடி தலை குனிஞ்சு நின்னேன்"னாங்க. நாலு பேர் திரும்பிப் பார்த்தாங்க.

90 நாளுக்கு மேல பாக்கி நின்னாத்தான் வாராக்கடன். 2004 மார்ச்லேர்ந்து இதுதான் ரிசர்வ் வங்கி விதி. பன்னெண்டு நாள்ங்கறது அதுக்கு ரொம்ப முன்னாடி. அப்புறம் எப்படி?

மறுநாள் எக்செல் ஷீட்டைத் திறந்தேன். '90ஐ விட அதிகம்னா சிவப்பு'ன்னு கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போட்டிருக்கு. கடைசியா ஒட்டின சில வரிகள்ல எண்ணெல்லாம் டெக்ஸ்டா வந்து உக்காந்திருக்கு. எக்செல் கணக்குல எந்த டெக்ஸ்டும் எந்த எண்ணையும் விடப் பெரிசு. அதனால 12ம் சிவப்பு, 5ம் சிவப்பு! போன் பண்ணின தம்பி கலரைப் பார்த்தார். அந்தக் கட்டத்துக்குள்ளேயே 12னு எழுதியிருந்ததைப் படிக்கலை.

தம்பியை மட்டும் திட்டி என்ன பண்றது? பெரியவங்க நடத்தற ரிவ்யூ மீட்டிங்ல என்ன நடக்குது? கலர் ஸ்கேல்னு ஒண்ணு, எக்செல் 2007ல வந்தது. சும்மா கிளிக் பண்ணினா, இருக்கறதுலயே சின்ன எண்ணுக்குச் சிவப்பு, பெரிய எண்ணுக்குப் பச்சை. பத்து கிளையும் இலக்கைத் தாண்டியிருந்தாலும் பத்தாவது கிளை சிவப்புதான். அந்த மேனேஜருக்கு மண்டகப்படி. அதையே பாக்கித் தொகை காலத்துல போட்டா, அதிக பாக்கி வெச்சிருக்கறவர் பச்சையா ஜொலிப்பார். கேட்டா "டேட்டா பேசுது சார்"ங்கறாங்க. பேசறது டேட்டா இல்லைங்க, பெயின்ட்டு!

"ஐநூறு வரியில கலர் இல்லாம எப்படிப்பா கண்ணுல படும்?"னு கேப்பீங்க. நியாயம்தான். நான் கலரே வேண்டாம்னு சொல்லலை. எல்லையை நீங்க தீர்மானம் பண்ணுங்க, அதை ஷீட் தலையில எழுதி வைங்க. பக்கத்துக் காலத்துல 'தாமதம்', 'சரி'ன்னு வார்த்தையாவும் போடுங்க. சிவப்பு பச்சை வித்தியாசம் தெரியாத ஆம்பளைங்க நம்ம ஆபீஸ்லயே இருப்பாங்க. டெக்ஸ்டா, எண்ணான்னு பாருங்க. எண் வலது பக்கம் ஒட்டி நிக்கும், டெக்ஸ்ட் இடது பக்கம். முக்கியமா, போனை எடுக்கறதுக்கு முன்னாடி எண்ணைப் படிங்க.

ஊருக்கு உபதேசம் பண்ற நான் மட்டும் யோக்கியமா? ஊரை விட்டு வந்து புள்ளைங்க படிப்பே கதின்னு இருக்கற நம்ம எல்லார் வீட்லயும் ஒரு மார்க் ஷீட் இருக்கே, நானும் வெச்சிருந்தேன். கலர் ஸ்கேலோட. என் பொண்ணு எட்டிப் பார்த்துட்டு, "அப்பா, நான் கன்னடத்துல ஃபெயிலா?"ன்னா. மார்க் 84. மத்ததெல்லாம் அதுக்கு மேல, அதனால அது சிவப்பு. அன்னைக்கே கலரை அழிச்சேன்.

காய்கறிக்கார அம்மாகிட்ட, அவங்க மருமக இருக்கும்போதே போய் மன்னிப்பு கேட்டேன். ஒண்ணும் சொல்லலை. பையில கொசுறா ஒரு கட்டு கொத்தமல்லி போட்டாங்க. அந்தப் பச்சையை நான் நம்பறேன்.