தானாக உடைந்த தம்ளர்

நடுநிசியில் எங்கள் சமையலறையில் 'டப்' என்று ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால், அலமாரியில் சும்மா இருந்த கண்ணாடித் தம்ளர் சுக்கு நூறாகக் கிடந்தது. பூனை கூட இல்லை. காலையில் பழி யார்மேல் விழுந்தது என்று சொல்ல வேண்டுமா? "நேற்றுத் தேய்க்கும்போதே எங்கேயோ இடித்திருக்கிறாள்" என்று தீர்ப்புச் சொல்லி, பாத்திரம் தேய்க்கும் அம்மாளின் சம்பளத்தில் தம்ளர் விலையைப் பிடித்துக்கொண்டு விட்டார் என் தாயார்.

நேயர்களே, அந்த அம்மாளுக்காக வக்காலத்து வாங்க வந்திருக்கிறேன்.

கடலை உருண்டைக்குப் பாகு வைத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தண்ணீர் பனிக்கட்டியாவது போல் பாகு ஒரே நொடியில் உறைவதில்லை. ஆற ஆற இறுகுகிறது. கை கொஞ்சம் தாமதித்தால் கல்தான். கண்ணாடியும் அந்த ஜாதியே. (பழைய ஜன்னல் கண்ணாடி காலப்போக்கில் வழிந்து அடிப்பக்கம் தடிக்கும் என்பது மட்டும் வெறும் கட்டுக்கதை.)

ஏன் இப்படி இறுகுகிறது? காலையில் திருவள்ளூரிலிருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரெயிலில் பெண்கள் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறைவாக இருந்தால் நினைத்த இடத்துக்கு நகரலாம். நெரிசலில் அம்பத்தூரில் இறங்க வேண்டுமானால், பக்கத்திலிருப்பவள் ஒதுங்க வேண்டும். அவள் ஒதுங்க அடுத்தவள் ஒதுங்க வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து அசைந்தால்தான் ஒருத்திக்கு வழி! உருகிய கண்ணாடி குளிரும்போது அதன் அணுக்களுக்கும் இதே அவஸ்தை. கொஞ்சம் உஷ்ணம் குறைந்தாலும் தாமதம் பல மடங்காகிறது. வேடிக்கை என்னவென்றால், அணுக்கள் அமைந்திருக்கும் விதம் முன்னைப் போலவேதான் காணப்படுகிறது; வேகம்தான் போய்விடுகிறது. பெங்களூர் ஜவாஹர்லால் நேரு உயர் விஞ்ஞான ஆராய்ச்சி மையத்தில், அணுக்களுக்குப் பதிலாக மிகச் சிறிய உருண்டைகளைத் திரவத்தில் நெருக்கி, அவை கூட்டம் கூட்டமாக நகர்வதை மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் முழு மர்மம் விடுபடவில்லை. நோபல் பரிசு பெற்ற பிலிப் ஆண்டர்ஸனே இதை மிக ஆழமான புதிர்களில் ஒன்றென்று 1995-ல் எழுதினார்.

தம்ளருக்கு வருவோம். திருவள்ளூருக்குத் தெற்கே ஸ்ரீபெரும்புதூரில் 2000-ம் ஆண்டு முதல் கண்ணாடிப் பலகை தயாராகிறது. மணலும் சோடாவும் சுண்ணாம்புக் கல்லும் சுமார் 1,500 டிகிரியில் உருகி, உருகிய வெள்ளீயத்தின் மேல் பரவி, 600 டிகிரி வாக்கில் வெளியே வரும். அதோடு முடிந்ததா? இல்லை. நீண்ட சுரங்கம் போன்ற சூளைக்குள் நிதானமாக ஆற விடுகிறார்கள். மேல்பாகம் முதலில் ஆறிச் சுருங்க, உள்பாகம் சூடாகவே இருந்தால் உள்ளுக்குள் இழுபறி உண்டாகிவிடும். சுமார் 550 டிகிரியில் அணுக்கள் இடம் மாறி அந்த இழுபறியைத் தீர்த்துக்கொள்ளக் கால் மணி போதும். இன்னும் 40 டிகிரி இறங்கினால் சில மணி நேரம் ஆகும். நம் சமையலறை உஷ்ணத்தில் நம் ஆயுளில் தீராது!

அவசரமாக ஆறிய தம்ளர் அந்த இழுபறியைச் சுமந்துகொண்டே கடைக்கு வந்துவிடும். பிறகு ஒரு சின்னக் கீறல் போதும். ஒருநாள் அது மெல்ல வளர்ந்து, தொடாமலே வெடிக்கும். எங்கள் தம்ளரும் அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

இதையெல்லாம் தாயாருக்கு விளக்க எனக்கு இரண்டு காப்பி நேரம் பிடித்தது. பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் அன்னிக்கே சொன்னேனேம்மா, தானா ஒடஞ்சிருக்கும்னு!" என்றாள் அந்த அம்மாள்.