இரண்டாவது கையெழுத்து

ஆண்டுதோறும் ஜூன் 30 அன்று மாட்டுத்தாவணியில் மேலூர்ப் பேருந்து ஏறுவேன். மேலூரில் இறங்கி மேலவளவு. ஆறு பேரின் நினைவிடத்தில் வீரவணக்கம் செலுத்தி, முழக்கம் போட்டுத் தொண்டை கட்டி, இரவு திரும்பி வருவேன். போன முறை உடன் வந்த கல்லூரித் தம்பி ஒருவன் திரும்பும் வழியில் கேட்டான்: "அண்ணே, முருகேசன் அன்னைக்கு எதுக்கு மதுரைக்கு வந்திருந்தாரு?"

எங்களோடு இருந்த தோழர்களில் இரண்டு பேருக்குத்தான் பதில் தெரிந்திருந்தது. எப்படிக் கொன்றார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தலையை வெட்டிக் கிணற்றில் போட்டதைச் சொல்லாத மேடை கிடையாது. அந்தத் தலை அன்று காலை என்ன வேலையாகக் கிளம்பியது என்பதை நாம் சொல்வதில்லை.

மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996 உள்ளாட்சித் தேர்தலில் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலுக்குப் பயந்து வேட்புமனுக்கள் திரும்பப் பெறப்பட்டன. தேர்தல் நின்றது. தலித் வீடுகள் கொளுத்தப்பட்டன. மறுபடி டிசம்பரில் வாக்குச்சாவடிக்குள் புகுந்து கலைத்தார்கள். கடைசியில் 1996 டிசம்பர் 31 அன்று போலீஸ் காவலில் வாக்குப்பதிவு நடந்து முருகேசன் தலைவரானார். வென்ற பிறகும் ஊராட்சி அலுவலகத்துக்குள் அவரால் போய் உட்கார முடியவில்லை. 1997 ஜூன் 30 அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்தது, எரிக்கப்பட்ட வீடுகளுக்கு இழப்பீடு கேட்க. திரும்பும்போது பேருந்தை மறித்தார்கள். துணைத் தலைவர் மூக்கன் உட்பட ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். (மாட்டுத்தாவணி பேருந்து நிலையமே அப்போது கிடையாது. இப்போது நாம் ஏசி பேருந்தா சாதா பேருந்தா என்று யோசித்து நிற்கிற இடத்துக்கு அந்தச் சாவு மூத்தது.)

ஆக, அவர் செய்துகொண்டிருந்தது ஊராட்சித் தலைவரின் அன்றாட வேலை. மனு எழுதுவது, நிவாரணம் கேட்பது. சாதி இந்துக்களுக்குப் பொறுக்காமல் போனதும் இந்த வேலைதான். நாற்காலியில் ஒரு தலித் பெயரளவுக்கு இருந்தால் அவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். உசிலம்பட்டி வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் அதைத்தானே பார்த்தோம். 1996 முதல் 2006 வரை பத்து ஆண்டுகள் அங்கே தேர்தலே நடத்த விடவில்லை. நடந்தாலும், தாங்களே நிறுத்திய ஆளை வெல்லவைத்து உடனே ராஜினாமா செய்யவைத்தார்கள். கண்மாய்க் குத்தகை, மரம் ஏலம், சாலை ஒப்பந்தம், குடிநீர்க் குழாய் எந்தத் தெருவரை போக வேண்டும் என்ற முடிவு, இவையெல்லாம் கை மாறிவிடும் என்பதே பிரச்சினை.

இங்கேதான் நம் இளைஞர்கள் பலர் கவனிக்காத ஒரு சங்கதி இருக்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன்படி ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தப் பதவிக்கு ஒதுக்கீடு இல்லை. உறுப்பினர்களில் பெரும்பான்மை எந்தச் சாதியோ, இரண்டாவது கையெழுத்து அந்தச் சாதியிடம் போய்விடுகிறது. அரிவாள் தேவையில்லை, பேனாவை மூடி வைத்தால் போதும். துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் நிற்கும், மோட்டார் பழுது அப்படியே கிடக்கும். ஊர் என்ன சொல்லும்? "இவங்களுக்கு நிர்வாகம் தெரியாது" என்று சொல்லும்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் 2 அன்று, நண்பரோடு அவர் ஊர் கிராம சபைக்குப் போயிருந்தேன். தலைவர் தலித் பெண். தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று ஒரு பெரியவர் அதட்டினார். பதில் சொல்ல அந்தம்மா எழுந்து நின்றார். பக்கத்தில் துணைத் தலைவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். "பில்லு மூணு மாசமா கையெழுத்துக்கு நிக்குதுய்யா" என்று தலைவர் சொன்னார். யாருடைய கையெழுத்து என்று சொல்லவில்லை. கூட்டத்தில் இருந்த யாரும் கேட்கவுமில்லை. நானும் கேட்கவில்லை. வெளியூர்க்காரன், எதற்கு வம்பு என்று நினைத்தேன். மேலவளவில் தொண்டை கட்டக் கத்துகிறவன் அங்கே வாயைத் திறக்கவில்லை என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

சுதந்திர நாளில் தலித் தலைவர்கள் கொடியேற்றுவதைத் தடுக்கக் கூடாது என்று 2022-இல் தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத நேர்ந்த மாநிலம் இது. கொடி, நாற்காலி பற்றிய செய்திகளாவது படத்தோடு வெளிவருகின்றன. ஆட்சியர் நேரில் வந்து உட்காரவைத்துவிட்டுப் போகிறார். காசோலைக்குப் படம் கிடையாது. துணைத் தலைவர் மறுத்தால் என்ன வழி, எத்தனை நாளில் அதிகாரி தலையிட வேண்டும் என்று நாம் கேட்டிருக்கிறோமா? மேலவளவு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டைச் சொல்லி அரசு விடுவித்தபோது கொதித்தோம். கொதிக்க வேண்டியதுதான். அந்தக் கொதிப்பில் பாதி, இருக்கிற தலைவர்கள் தனியாக நிற்கும்போது வந்திருக்கலாம்.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு. வரவு செலவு அங்கே வாசிக்கப்பட வேண்டும். வாசிக்கும்போது நம் ஆட்கள் பத்துப் பேர் நோட்டோடு உட்கார்ந்து, எந்தப் பில் நிற்கிறது, யார் நிறுத்தினார் என்று கேட்டு, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்தால் துணைத் தலைவரின் கால் தானாகக் கீழே இறங்கும். 2019-இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அடுத்த தேர்தலுக்கு இப்போதே வார்டு வார்டாகப் பேசியாக வேண்டும். தலைவர் தொகுதி ஒதுக்கீடாக வரும் ஊர்களில் வார்டு உறுப்பினர்களில் எத்தனை பேர் நம்மோடு நிற்பார்கள் என்பதே முதல் கணக்கு. அந்தக் கணக்கில் மற்ற சாதிகளின் நேர்மையான ஆட்களும் சேர்த்திதான்.

அன்று இரவு மாட்டுத்தாவணியில் இறங்கி டீ குடிக்கும்போது தம்பி சொன்னான். அவன் ஊரும் சுழற்சியில் தனித்தொகுதி ஆகலாம் என்று பேசிக்கொள்கிறார்களாம். அவன் சித்தி நிற்க ஆசைப்படுகிறாராம், நூறு நாள் வேலைக்குப் போகிறவர். "ஒம்பது வார்டுண்ணே. அஞ்சு பேரு கெடச்சா துணைத் தலைவரு நம்ம சொல்ற ஆளு. மூணு பேரு உறுதி. நாலாவது ஒருத்தர்ட்ட நீங்க வந்து பேசுறீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.