ஒட்டுறதுக்கு முதல் கதவைத் திறங்க

சின்ன பிளாஸ்டிக் மொடல் செய்யத் தொடங்குற தம்பி தங்கைகள் வழக்கமாகக் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தக் கம் நல்லா ஸ்ட்ரோங்?" அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்பது எங்க கருத்து. ஒட்டப்போற பொருள் என்ன, ஒட்ட உட்காரும் இடம் எது என்ற இரண்டையும் பார்த்துத்தான் கம்மைத் தெரிவு செய்யணும். பொருளைப் பற்றி யூடியூபில் நிறையப் பேர் சொல்றாங்க. இடத்தைப் பற்றி மலையகத்தில் இருக்கிற நாமதான் பேசணும்.

முதலில் பொருள். பெட்டியில் வரும் விமானம், டாங்கி, கார் எல்லாம் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். அதுக்கென்று விற்கும் மொடல் சிமெண்ட், பிளாஸ்டிக்கை இளக்கித்தான் ஒட்டுது. அதிலுள்ள கரைப்பான் இரண்டு துண்டையும் உருக்கி ஒன்றாக்கிவிட்டு ஆவியாகப் போயிடும். தமியா போன்ற கம்பனிகளின் தண்ணி மாதிரியான சிமெண்ட் என்றால், துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து இடுக்கில் பிரஷால் தொட்டாலே உள்ளே ஓடிடும். பெயின்ட் அடிச்ச இடத்தில் மட்டும் பெயின்டைச் சுரண்டிட்டு வைக்கணும். இல்லாட்டி அது பெயின்டைத்தான் கரைக்கும்.

சூப்பர் குளூ சந்திக்குச் சந்தி கிடைக்குது. ஆனா அது காற்றிலும் பொருளிலும் உள்ள ஈரத்தால் இறுகுற சாமான். நம்ம ஊர் ஈரக்காற்றில் சட்டென்று பிடிக்கும், பக்கத்தில் வெள்ளையாகப் பூத்தும் போகும். விமானத்தின் கண்ணாடி மூடியில் அது பட்டால் மங்கிடும். கீழே விழுந்தா டக்கென்று விட்டும் போயிடும். உலோகத்துக்கும் ரெசினுக்கும் அதை வச்சுக்குங்க. கண்ணாடித் துண்டுக்கு வெள்ளை பைண்டர் கம் போதும். காய்ந்தா தெளியும், வழிந்தா ஈரத்துணியால் துடைக்கலாம்.

பெட்டி மொடல் வாங்கக் காசு இல்லையா? யோகட் கப்பின் அடியைப் பாருங்க. முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தா அது பாலிஸ்டைரீன், மொடல் சிமெண்ட் பிடிக்கும். 5 என்றால் பாலிபுரோப்பிலீன், அதில் வீட்டிலுள்ள எந்தக் கம்மும் ஒழுங்காகப் பிடிக்காது. பாடசாலைக் கண்காட்சிக்கு வாங்கும் ரிஜிபோமும் பாலிஸ்டைரீன்தான், ஆனா நுரை. மொடல் சிமெண்ட் வச்சா குழி விழும். அதுக்கும் பைண்டர் கம்தான் சரி.

இனி இடம். போத்தலில் இப்படி எழுதியிருக்கும்: காற்றோட்டமான இடத்தில் பாவிக்கவும், நெருப்புக்கு அருகில் வைக்க வேண்டாம். ஜன்னல் உள்ள தனி அறையில் மேசை போட்டு உட்காருறவங்களுக்கு இது சின்ன விஷயம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், ஒரு பக்கம் விறகு அடுப்பும் இன்னொரு பக்கம் தூங்குற பிள்ளையும் இருக்கும்போது, இது எப்படிச் சின்ன விஷயமாகும்? கரைப்பானின் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், சட்டென்று தீயும் பிடிக்கும். லயம் எரிஞ்ச செய்தி நமக்குப் புதுசும் இல்ல.

அதுக்காக மொடலே செய்யாதீங்க என்று நாங்க சொல்லல்ல. குறை பொழுதுபோக்கில் இல்ல, காற்று வர வழியில்லாமல் கட்டின வீட்டில் இருக்கு. அந்த வீடு மாறும்வரை, சிமெண்ட் வேலையைப் பகலில் இஸ்தோப்பில் வச்சுக்குங்க. மழை என்றால் உள்ளே பைண்டர் கம் வேலை மட்டும். தொட்டு முடிஞ்சதும் போத்தலை மூடுங்க, சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைங்க. குளிரில் சிமெண்ட் காய நேரம் எடுக்கும். அடுப்போரம் வச்சுக் காய வைக்காதீங்க, ஒரு ராத்திரி விடுங்க.

கடைசியாக, என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிடுறோம். 1942 ஏப்ரல் 5 இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கினபோது எதிர்த்துப் பறந்தவை ஹரிக்கேன் விமானங்கள். அதன் இறக்கை நுனிக்கு நுனி 40 அடி. 1/72 அளவில் ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர். பத்தடி முகப்புள்ள நாலு காம்பராவும் அதே நீளம்தான்! ஹரிக்கேன் கடையில் பெட்டியாகக் கிடைக்கும். லயம் அப்படிக் கிடைக்காது. மலையகத் தமிழர் வரலாற்றின் 200 ஆவது ஆண்டை 2023 இல் நினைவுகூர்ந்தோம், ஆனா நாம வாழ்ந்த வீட்டின் மொடல் எத்தனை பாடசாலையில் இருக்கு? 6 ஆம் நம்பர் கப்பை வெட்டி நாமே செய்யலாம். ஹரிக்கேனுக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

ஒன்று மட்டும். அழகுக்காக ஜன்னல் சேர்க்க வேணாம். உங்க லயத்தில் எத்தனை இருக்கோ அத்தனையை மட்டும் வெட்டுங்க. பார்க்கிறவங்க எண்ணட்டும்.